ஒட்டுனவன்தான் ஓட்டணும்

வேட்டை நூல்களில் வண்டிக்குப் பெரிய இடம் கிடையாது. பெங்களூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பினோம் என்று ஒரு வரி. சாமான்களை ஏற்றிக்கொண்டு திரும்பினோம் என்று இன்னொரு வரி. இரண்டுக்கும் நடுவே புலி இருக்கும், பரண் இருக்கும், மரத்தில் கட்டிப்போட்ட எருமைக்கன்று இருக்கும்.

எங்கள் பக்கத்துக் காடுகளை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுபோனவர் கென்னத் ஆண்டர்சன். 1910-இல் பிறந்து 1974-இல் மறைந்த பெங்களூர்க்காரர். 1954-இல் வெளியான அவருடைய முதல் வேட்டை நூலிலேயே ஜவளகிரி வந்துவிடுகிறது. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று நாங்கள் பஸ் போர்டில் படித்த பெயர்களெல்லாம் அவருடைய பக்கங்களில் ஆட்கொல்லிகள் உலவும் இடங்கள். ஸ்டூடிபேக்கர் கார் ஒன்றும் அவர் எழுத்தில் வந்துபோகும். கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் நான் அவரைப் படித்தேன். எனக்கோ புலியைவிட அந்தக் காரைப் பற்றித்தான் கேள்விகள் இருந்தன. அஞ்செட்டி மலைப்பாதையில் ரேடியேட்டர் கொதிக்காமல் ஏறியதா? ஓடையில் கல் இடித்தபோது என்ன செய்தார்கள்? டயரைக் கழற்றி மாட்டியது யார்?

நல்லவேளையாக, இதையெல்லாம் கேட்பதற்கு எங்கள் வீட்டிலேயே ஓர் ஆள் இருந்தார்.

அவர் என் அம்மாவின் அப்பா. மத்தூரில், கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போகும் ரோட்டோரம், பின்னால் மாந்தோப்பும் முன்னால் ஒரு புளியமரமுமாக இருந்த மெக்கானிக் ஷெட்டுக்குச் சொந்தக்காரர். அது பிற்காலத்துக் கதை. இளவயதில் கிருஷ்ணகிரியில் ஒரு லாரி பட்டறையில் கையாளாகச் சேர்ந்து தொழில் கற்றவர். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதில் பெங்களூர் முதலாளி ஒருவருடைய ஜீப்புக்கு டிரைவராகப் போனார். முதலாளிக்கு வேட்டைப் பித்து. மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு காட்டில் கழியும். ஏழெட்டு வருஷம் தாத்தா அந்த ஜீப்போடு தளி, உரிகம், அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் என்று காவிரிக்கரை வரைக்கும் அலைந்திருக்கிறார். 1965-இல் சேலம் ஜில்லாவிலிருந்து தருமபுரி பிரிந்த சமயம் அது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாவதற்கு 2004 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று வேட்டை என்பது லைசென்ஸ் வாங்கிச் செய்கிற பொழுதுபோக்கு.

"அவங்க பன்னிய சுடப் போவாங்க. நான் வண்டிய திருப்பிக் கொண்டாரப் போவேன்" என்பார் தாத்தா. தன்னுடைய வேலையை அவர் புரிந்துவைத்திருந்தது அப்படித்தான்.

*

அந்த வண்டி ஒரு வில்லிஸ் ஜீப். இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்காவில் உருவான வடிவம். 1940-களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் அதைப் பூட்டிக் கொடுக்க ஆரம்பித்த பிறகு இந்தியா முழுக்கப் பரவியது. நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர், சுமார் 60 குதிரைத்திறன். பானெட்டைத் தூக்கினால் எல்லாப் பாகமும் கண்ணுக்குத் தெரியும், பெரும்பாலானவற்றுக்குக் கையும் எட்டும்.

எளிமையான வண்டி என்றால் நிற்காது என்று அர்த்தமில்லை. நின்றால் காரணம் தெரியும், அவ்வளவுதான். காட்டில் அது நிற்கிற காரணங்களைத் தாத்தா வரிசையாகச் சொல்வார்.

முதலாவது சூடு. மே மாத வெயிலில் ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது எஞ்சினின் சூட்டில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் திரவத்தைத் தள்ளுவதற்கென்று செய்தது, ஆவியை அதனால் தள்ள முடியாது. வண்டி இருமி இருமி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிவிட்டு ஒரு பீடி பிடிக்கிற நேரம் காத்திருந்தால் கிளம்பிவிடும்.

இரண்டாவது ரேடியேட்டர். எங்காவது மெல்லிசாக ஒழுகினால் மஞ்சள்தூள். ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டால், தண்ணீரோடு சுற்றிவரும் தூள் ஓட்டை இருக்கும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். லாரிக்காரர்களிடம் கற்றது. கொதித்துப்போன எஞ்சினில் பச்சைத்தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் பிளாக் வெடித்துவிடும் என்பதால் எஞ்சினை ஓடவிட்டபடியே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

பெட்ரோல் டேங்கில் கல் பட்டுக் கசிந்தால் துணி சோப்பு. சோப்பு தண்ணீரில் கரையும், பெட்ரோலில் கரையாது. விரலால் தேய்த்து அப்பிவிட்டால் நாள் முழுக்க நிற்கும். ஃபேன் பெல்ட் அறுந்தால் சைக்கிள் ட்யூபை நறுக்கி முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். மெயின் பட்டை ஒடிந்தால் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகிக் கயிற்றால் வரிந்து கட்டலாம். ஸ்டெப்னியும் பஞ்சரானால் டயருக்குள் வைக்கோலைத் திணிக்கலாம்.

இதில் வேட்டை ஜீப்புக்கே உரிய தொல்லை பேட்டரி. ராத்திரியில் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்பாட்லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு புதர் புதராகத் தேடுவார்கள். பளிச்சென்று இரண்டு கண் தெரியும்வரை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கிளம்பலாம் என்று முதலாளி சொல்லும்போது பேட்டரியில் ஒன்றும் மிச்சமிருக்காது. முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் ஹேண்டில் திரும்பி அடிக்கும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிப்பது அதனால்தான். அப்படிப் பிடிக்காத ஒருநாளின் அடையாளமாகத் தாத்தாவின் வலது கட்டைவிரல் கடைசிவரை கொஞ்சம் கோணலாகவே இருந்தது.

இவற்றை வெறும் சாமர்த்தியம் என்று கேட்டுவிட்டுப் போகலாம். நானும் பள்ளிக்கூட வயதில் அப்படித்தான் கேட்டேன். இந்த வைத்தியங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு என்பதைப் பிறகுதான் கவனித்தேன். ஒவ்வொன்றோடும் தாத்தா ஒரு தூரத்தைச் சேர்த்தே சொல்வார். சோப்பு என்றால் தேன்கனிக்கோட்டை வரைக்கும். சைக்கிள் ட்யூப் என்றால் பத்து மைல், அதுவும் வேகமெடுக்காமல். வைக்கோல் என்றால் அடுத்த ஊர். எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரியாமல் அவர் எதையும் கட்டியதில்லை.

*

அவர் அடிக்கடி சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. 1968 வாக்கில் நடந்தது.

உரிகம் பக்கம் போயிருந்தார்கள். முதலாளி, அவருடைய நண்பர்கள் இரண்டு பேர், தாத்தா, தடம் பார்ப்பதற்காக அந்தப் பக்கத்திலேயே அமர்த்திக்கொண்ட ஓர் இருளர். சாயங்காலம் நண்பர்களில் ஒருவர் சுட்ட காட்டுப்பன்றி விழவில்லை. அடிபட்டுப் புதருக்குள் போய்விட்டது. தடம் பார்த்து முன்னால் போனவர்மேல் அது திரும்பிப் பாய்ந்தது. தொடையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. இரண்டாவது குண்டில் பன்றி செத்தது. வேட்டியைக் கிழித்துக் காயத்தைக் கட்டி அவரைப் பின்னால் படுக்கவைத்தார்கள். பன்றியையும் ஏற்றினார்கள்.

இருட்டில், அவசரத்தில், ஓடையைக் கடக்கும்போது அடியில் ஒரு பாறை இடித்தது. கரையேறியதும் தாத்தா வண்டியை நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சினின் ஆயில் சம்ப்பில் விரல் நுழைகிற ஓட்டை. ஆயில் முக்கால்வாசி மணலில் போய்விட்டது. ஆயில் இல்லாமல் ஓட்டினால் சில மைல்களில் பேரிங் உருகி எஞ்சின் இறுகிவிடும். ஆஸ்பத்திரி இருந்ததோ மலைக்கு மேலே, தேன்கனிக்கோட்டையில்.

உசிலங்கட்டையைச் செதுக்கி ஆப்பு செய்தார். துணியில் சோப்பைப் பூசி அதன்மேல் சுற்றி ஓட்டைக்குள் அடித்தார். அது நழுவாமலிருக்க முதலாளியின் துப்பாக்கி வாரைக் கழற்றி அடியில் கொடுத்து இறுக்கிக் கட்டினார். ஓட்டை அடைந்தது. ஆயிலுக்கு எங்கே போவது? டின்னில் கால்பங்குதான் இருந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு குடியிருப்பு. அங்கே ஓடிப்போய் வீடு வீடாகக் கேட்டு, விளக்குக்கும் தலைக்குமாக வைத்திருந்த ஆமணக்கு எண்ணெயை வாங்கிவந்தார். ஏழெட்டு வீட்டு எண்ணெய் சேர்ந்து இரண்டு படிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.

பொறியியல் படித்தவனாக எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். ஆமணக்கு எண்ணெய் எஞ்சினுக்கு உண்மையிலேயே நல்ல மசகு. முதல் உலகப்போர்க்கால விமானங்களின் சுழல் எஞ்சின்கள் அதில்தான் ஓடின. காஸ்ட்ரால் என்ற பெயரே 1909-இல் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது. அதற்கு இரண்டு குணக்கேடுகள் உண்டு. மண்ணிலிருந்து எடுக்கிற ஆயிலோடு சரியாகக் கலக்காது. சூடாகி ஆறினால் கோந்து மாதிரி பிசுக்காகப் படிந்துவிடும். தாத்தாவுக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தெரியாது. கட்டைவண்டி அச்சுக்கு என்ன போடுவார்கள் என்று தெரியும். போய்ச் சேர்ந்த கையோடு அதை வடித்துவிட வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

கிளம்புவதற்கு முன் ஒரு தகராறு. பன்றியை இறக்கிவிட்டால்தான் வண்டி சிரமமில்லாமல் மலை ஏறும் என்றார் தாத்தா. சுட்டவருக்கு மனசு வரவில்லை. காலையில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாமே என்றார்கள், அதற்குள் கழுதைப்புலி தின்றுவிடும் என்றார் அவர். தாத்தா பதில் பேசாமல் ஸ்டியரிங்கை விட்டு இறங்கிப்போய் நின்றுகொண்டார். "இந்த ஆப்பு எவ்ளோ தாங்கும்னு எனக்குத்தான் தெரியும். நான் சொல்ற பாரத்தோடதான் ஓட்டுவேன். இல்லாட்டி நீங்களே ஓட்டிக்கோங்க." கடைசியில் முதலாளியே பன்றியின் காலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார்.

இரண்டாவது கியரிலேயே ஏறினார்கள். இரண்டு மைலுக்கு ஒருதரம் நிறுத்தி, அடியில் கைவிட்டு ஆப்பைத் தொட்டுப் பார்ப்பார். ஆயில் மீட்டர் முள்ளின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தேன்கனிக்கோட்டை போய்ச் சேர்ந்தபோது நடுராத்திரி தாண்டிவிட்டது. அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடந்தார். தாத்தா மறுநாள் எண்ணெயை வடித்து, சம்ப்பைக் கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி இரண்டு நாள் கழுவினார். அடுத்த தடவை உரிகம் போனபோது ஒரு டின் ஆமணக்கு எண்ணெய் வாங்கிப்போய் ஏழெட்டு வீட்டுக்கும் அளந்து கொடுத்தார். முதலாளி கொடுத்தனுப்பியது அல்ல, தன் சம்பளத்தில் வாங்கியது என்பதைப் பாட்டி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்த ராத்திரியைப் பற்றிப் பேசி முடிக்கும்போது தாத்தா எப்போதும் சொல்வது இதைத்தான்: "ஒட்டுனவன்தான் ஓட்டணும்."

முதலில் எதுகைக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பழுதை ஒட்டியவனே அந்த வண்டியை ஓட்ட வேண்டும். ஓட்டை எங்கே, அடைப்பு எவ்வளவு பலம், எப்போது விட்டுப்போகும் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அது விட்டுப்போனால் அவனும் அதே இருட்டில்தான் நிற்பான். அதனால்தான் அவன் கட்டுகிற கட்டு நேர்மையாக இருக்கும்.

*

காட்டிலோ பாலைவனத்திலோ வண்டி ஓட்டியவர்களிடம் இந்த நேர்மையைப் பார்க்க முடிகிறது. ரால்ஃப் பேக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் 1920-களின் இறுதியிலும் 1930-களிலும் லிபியப் பாலைவனத்துக்குள் ஃபோர்டு கார்களில் போனவர். மணலில் மெதுவாக ஏறும்போது அங்கேயும் ரேடியேட்டர் கொதிக்கும். தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். குடிக்கிற தண்ணீரும் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற தண்ணீரும் ஒன்றுதான் என்பதால் அந்த ஆவியை விட்டுவிட முடியாது. ரேடியேட்டரின் வழிகுழாயிலிருந்து ஒரு குழாயை இழுத்து, கொஞ்சம் தண்ணீருள்ள ஒரு டப்பாவுக்குள் விட்டார்கள். ஆவி அதில் குளிர்ந்து தண்ணீராகும். எஞ்சின் ஆறியதும் அந்தத் தண்ணீரே மறுபடி ரேடியேட்டருக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். 1940-இல் அவர் உருவாக்கிய பாலைவனப் படையின் லாரிகளிலும் இந்த டப்பா இருந்தது. இன்று நம் காரின் பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா தெரிகிறதே, அது செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

மணலின் இயற்பியலைப் பற்றி 1941-இல் புத்தகம் எழுதிய விஞ்ஞானியும் இதே பேக்னால்ட்தான். ஆனாலும் அந்த டப்பாவுக்குக் காரணம் அவருடைய படிப்பு மட்டுமல்ல. தண்ணீர் தீர்ந்தால் தாகத்தில் தவிக்கப்போகிறவர்களில் அவரும் ஒருவர்.

2019-இல் தாத்தாவை அஞ்செட்டிக்கு அழைத்துப் போனேன். பழைய இடங்களைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. உள்காடுகளுக்கு இப்போது போக முடியாது. அவர் ஜீப் ஓட்டிய இடங்களில் பெரும்பகுதி 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது. ரோட்டிலேயே போய், ரோட்டிலேயே நின்று, தொட்டஹள்ளா ஓடையைப் பாலத்தின் மேலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். அஞ்செட்டியைத் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் கார் சக்தியை இழந்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் நடக்கிற வேகத்துக்கு மேல் போகவில்லை. ஏதோ ஒரு சென்சாரின் பேச்சை நம்ப முடியாதபோது கம்ப்யூட்டரே எஞ்சினை இப்படிக் கட்டிப்போட்டுவிடும். தாத்தா பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். மேலே முழுக்க ஒரு பிளாஸ்டிக் மூடி. "இதுல எஞ்சின் எங்கடா?" என்றார்.

பழைய வண்டியென்றால் சரிசெய்திருப்பேன், இப்போது வருவதெல்லாம் குப்பை என்று புலம்புவதற்குத் தோதான இடம் இது. நடந்தது வேறு. அஞ்செட்டியில் டூவீலர் ஷெட் வைத்திருந்த ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினான். செல்ஃபோனில் பிழை எண் வந்தது. அதைப் படித்துவிட்டு மூடியைக் கழற்றி, த்ராட்டிலுக்குப் போகும் கனெக்டரைத் தொட்டான். அது ஆடியது. அதன் பூட்டு உடைந்திருந்தது, உள்ளே ஊசிகளில் புழுதி. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, செருகி, இன்சுலேஷன் டேப் சுற்றி, மேலே பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கினான். பிழை எண்ணை அழித்தான். விளக்கு அணைந்தது.

"தேன்கனிக்கோட்ட வரைக்கும் போலாம்ண்ணா."

தாத்தா அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீயும் ஏறிக்கிறியா?"

அவன் தயங்கவே இல்லை. கூட்டாளியை பைக்கில் பின்னாலேயே வரச் சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். நடுவில் இரண்டு தடவை நிறுத்தச் சொல்லி டேப்பைத் தொட்டுப் பார்த்தான். தேன்கனிக்கோட்டையில் இறங்கும்போது, "கம்பெனில காட்டி அந்தக் கனெக்டர மாத்திடுங்கண்ணா. டேப்ப நம்பி சேலம் கீலம்னு கெளம்பிடாதீங்க" என்றான். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பைக்கில் திரும்பிப் போனான். தாத்தா ராயக்கோட்டை வரும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தொழில் தெரிஞ்ச பையன்" என்றார்.

*

நான் வேலை செய்வது பெங்களூரில். மென்பொருள் உலகத்திலும் இதற்குச் சமமான ஒட்டுவேலை உண்டு. ராத்திரி இரண்டு மணிக்குச் சர்வர் விழுந்துவிடும். அப்போதைக்கு ஏதோ செய்து எழுப்பிவிடுவோம். செய்த இடத்தில் "தற்காலிகம், அடுத்த ரிலீஸில் எடுத்துவிட வேண்டும்" என்று ஒரு குறிப்பு. நான் சேர்ந்த ஒரு குழுவில் அப்படி ஒரு குறிப்புக்கு எட்டு வயது. எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஆறு வருஷம். அதன்மேல் இன்னும் நாலு கட்டு கட்டப்பட்டிருந்தது. எடுத்தால் எது விழும் என்று யாருக்கும் தெரியாததால் ஒருவரும் தொடவில்லை. துணியும் சோப்பும் வைத்து அடித்த ஆப்போடு ஒரு ஜீப் எட்டு வருஷம் ஓடுகிறது, உள்ளே இருப்பவர்களுக்கு ஆப்பு இருக்கிற விஷயமே தெரியாது.

2000-ஆவது ஆண்டுச் சிக்கல் இதன் பெரிய வடிவம். இடம் மிச்சம் பிடிக்க வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதியவர்கள், அந்த நிரல்கள் நூற்றாண்டு முடியும்வரை ஓடும் என்று நினைக்கவில்லை. 1999-இல் அதைச் சரிசெய்தவர்களில் பலர் போட்டதும் ஒட்டுத்தான். 00 முதல் 20 வரை வந்தால் இரண்டாயிரங்கள், அதற்கு மேல் வந்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரங்கள் என்பதைப் போன்ற ஒரு விதி. 2020 பிறந்தபோது அந்த ஒட்டு சில இடங்களில் விட்டுப்போனது. ஒட்டியவர்கள் அதற்குள் ஓய்வுபெற்றிருப்பார்கள்.

இதற்கான மருந்தும் எங்கள் துறைக்குத் தெரியும். நிரலை எழுதுகிறவர்களே அதை இயக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று அமேசானின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸ் 2006-இல் ஒரு நேர்காணலில் சொன்னது எங்களிடையே பிரபலம். அந்த வரியைக் கேட்டபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் ஏற்படவில்லை. மத்தூர் ஷெட்டில் அதையே எதுகையோடு கேட்டு வளர்ந்தவன் நான்.

*

தாத்தாவின் அந்த வாக்கியத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது வேட்டையைப் பற்றியது.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது வேட்டையை ஒரே நாளில் முடித்துவிடவில்லை. லைசென்ஸோடு வேட்டையாட முதலில் இடம் வைத்திருந்தது. ஆனால் வண்டியிலிருந்து சுடக்கூடாது என்றும் சொன்னது. ஸ்பாட்லைட் ஜீப்பின் காலம் அதோடு சரி. 1991-இல் வந்த திருத்தம் லைசென்ஸ் பிரிவுகளையே எடுத்துவிட்டது. முதலாளி அதற்கு முன்பே ஜீப்பை விற்றுவிட்டார், தாத்தாவும் மத்தூருக்குத் திரும்பி ஷெட் போட்டுவிட்டார்.

1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு பேர் போகலாம், ஐம்பது கிலோ மூட்டையும் ஏற்றலாம், வயல் வரப்பிலும் போகும். எங்கள் பக்கத்து விவசாயத்தின் முதுகெலும்பே அந்த வண்டிதான். தாத்தாவின் ஷெட்டும் அதை நம்பித்தான் ஓடியது. ஆனால் ராத்திரியில் முயலுக்கும் பன்றிக்கும் போகிறவர்களின் வண்டியாகவும் அது மாறியது. ஜீப் வைத்திருந்த வெளியூர் முதலாளிகளின் இடத்துக்கு உள்ளூர் ஆட்கள் வந்தார்கள். துப்பாக்கியின் இடத்துக்குக் கண்ணி வந்தது.

கண்ணிக்கு ஏற்ற கம்பி எது தெரியுமா? பைக், மொபெட்டின் கிளட்ச் ஒயரும் பிரேக் ஒயரும்தான். பல மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்தது. வளையும், அறுபடாது. ஒரு முனையில் ஈயக்குண்டு ஏற்கெனவே இருக்கும். சுருக்குப் போட்டு வேலியோரம் பன்றித் தடத்தில் கட்டிவிட்டால், மாட்டியது இழுக்க இழுக்க இறுகும். பன்றிக்கு வைத்ததில் மானும் மாட்டும், கரடியும் மாட்டும், சிறுத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு விடியும்வரை சுற்றிச் சுற்றி வந்து சாகும். தென்னிந்தியா முழுக்க வனத்துறையினர் காடுகளிலிருந்து இந்த ஒயர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

தாத்தாவின் ஷெட்டில் கழற்றிய பழைய கிளட்ச் ஒயர்களை முழுசாகத் தூக்கிப் போட மாட்டார்கள். சாயங்காலம் கடை கட்டுவதற்கு முன்னால், கல்மேல் வைத்து உளியால் சாண் சாணாக வெட்டிப் பழைய கிரீஸ் டப்பாவில் போடுவார் தாத்தா. லீவுக்குப் போனால் ஒயரைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. "ஏன் தாத்தா வெட்டறீங்க?" என்று கேட்டால், "எடைக்குப் போடத்தான? நீளமா இருந்தா என்ன, குட்டையா இருந்தா என்ன" என்பார்.

பழைய ஒயரைக் காசு கொடுத்துக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. தக்காளிக்குப் பந்தல் கட்ட என்பார்கள். உண்மையிலேயே பந்தல் கட்டுகிறவர்களும் இருந்திருக்கலாம். தாத்தா ஒருவருக்கும் கொடுத்ததில்லை. நான் வேலைக்குப் போன பிறகு, ஒரு தீபாவளிக்குத்தான் காரணத்தைச் சொன்னார். "கையில கெடைச்சத வெச்சு வண்டிய ஓடவெக்கறதும் அதே புத்திதான், கண்ணி கட்டறதும் அதே புத்திதான். வண்டின்னா நான் அதுமேல ஒக்காந்து போறேன். தப்பா கட்டியிருந்தா எனக்கும் சேத்துத்தான் அடி. கண்ணி வெச்சவன் வீட்ல படுத்துத் தூங்கறான்டா."

2023 மார்ச்சில், தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்தில், பயிரைக் காக்க வைத்திருந்த சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த வேலியின் இணைப்பைப் பற்றித்தான் யோசனை போனது. ஒரு கம்பி, நாலு குச்சி, மின்சாரம் கிடைக்கும் ஓர் இடம். கையில் கிடைத்ததை வைத்துக் கட்டியதுதான். விவசாயியின் நஷ்டம் பொய்யில்லை. பன்றியும் யானையும் ஒரே ராத்திரியில் வருஷ உழைப்பைத் தின்றுவிடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இழப்பீடு வந்து சேருவதற்குள் அடுத்த போகம் வந்துவிடும் என்று அவர்கள் சொல்வதும் புரிகிறது. ஆனாலும் அந்தக் கம்பியின் இந்த முனையில் ஆள் கிடையாது. எது வந்து தொடும், எப்போது தொடும் என்று கட்டியவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தேவையில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் "ஏதாவது பண்ணி ஓட்டிடலாம்" என்ற வார்த்தைக்கு மரியாதை அதிகம். வடக்கே இந்தியில் இதை ஜுகாட் என்று சொல்லி மேலாண்மைப் பாடமாகவே ஆக்கிவிட்டார்கள். எனக்கும் அந்தத் திறமைமேல் மதிப்பு உண்டு, அதில் பிழைத்த குடும்பம் எங்களுடையது. ஆனால் அந்த வார்த்தையை யாராவது பெருமையாகச் சொல்லும்போது இரண்டு கேள்விகள் மனசுக்குள் வரும். எவ்வளவு தூரத்துக்கு? வண்டிக்குள் நீங்களும் இருப்பீர்களா? அலுவலகக் கூட்டங்களில் இதைச் சத்தமாகவே கேட்கிறேன் என்பதால் சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு.

தாத்தா இறந்து மூன்று வருஷமாகிறது. ஷெட்டை மாமா நடத்துகிறார். போச்சம்பள்ளியில் 2021-இல் பெரிய மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்தபிறகு அந்த வகை வண்டிகளும் ஷெட்டுக்கு வருகின்றன. டயரும் பிரேக்கும் மட்டும் பார்த்துக் கொடுப்பார். மற்றதற்கு சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிடுவார். மின்வண்டிகளில் கிளட்ச் ஒயர் கிடையாது. இன்னும் பத்து வருஷத்தில் வெட்டுவதற்கு ஒயரே இருக்காது என்று போன பொங்கலுக்கு அவரிடம் சொன்னேன். "அதுக்குள்ள வேற ஏதாவது கண்டுபுடிச்சிருவானுங்க மாப்ள" என்றார். கல்மேல் ஒயரை நீட்டி வைத்துக்கொண்டு, இன்னொரு முனையைப் பிடிக்கச் சொன்னார்.